நிழற்சுவரும் உண்கொடியும்

நகரத்திற் சிறுமனை கட்டி வாழ்வோர்க்கு நிலமென்று சொல்லத்தக்கது பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தே கிடக்கும் ஒரு கீற்று மண்ணும், அதனை அடுத்து நிற்கும் ஒரு மதிற்சுவருமேயாம். அச்சுவரும் பலவிடத்து வெயில் காணாதது. ஒருபுறம் அயல்வீட்டு மாடி மறைக்க, மற்றொருபுறம் வேப்பமரம் கவிந்து நிற்க, நண்பகலிலும் குளிர்ந்திருக்கும் அவ்விடத்தை ஒன்றுக்கும் உதவாத மூலையென ஒதுக்கி, உடைந்த வாளியையும் பழைய தகரத்தையும் அங்கே குவித்து வைத்தல் நம்மவர் வழக்கமாய்விட்டது. சிலர் அதிலே அவரையோ பீர்க்கோ ஊன்றிப் பார்ப்பர். கொடி நீண்டு வெளுத்துப் பூவின்றி நிற்கக் கண்டு, மண் கெட்டதென்பர், விதை கெட்டதென்பர், தம் கை ராசியில்லாத கையென்றும் நொந்துகொள்வர். இன்னுஞ் சிலர் ஒருபடி மேற்சென்று, வெயிலை மறைக்கும் வேம்பே குற்றவாளியென்று தீர்ப்பளித்துக் கோடரியை எடுப்பர். இவ்வழக்கிலே வேம்பின் பக்கம் நின்று சில சொல்ல விரும்புகின்றேன்.

என் துணிபு இதுவாகும்: குற்றம் நிழலினதன்று, மண்ணினதுமன்று, இடமறியாது தேர்ந்த தேர்வினது. வெயிலை விரும்புங் கொடியை நிழலில் வைத்துவிட்டு நிழலைப் பழித்தல், மீனை மரத்திலேற்றி மரத்தைப் பழித்தலோடொக்கும். நிழலையே பிறந்தகமாகக் கொண்ட உண்கொடிகள் பல நம் நாட்டில் உள. அவற்றுள்ளும் தலையாயதொன்றை நம் சேலம், நாமக்கல் சமவெளியினர் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகின்றனர். ஆதலின் மரத்தை வெட்டாமற் கொடியை மாற்றுவதே அறிவுடைமை என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வேன்.

முதற்கண் நிழலென்பது யாதென ஆராய்வோம். நிழல் ஒருதன்மைத்தன்று. இரண்டு வீடுகளுக்கிடையே உள்ள சந்தில் நேர்வெயில் படாவிடினும், வானின் ஒளி மேலிருந்து நிறைய இறங்கும்; இதனை ஒளிநிழல் எனலாம். மரத்தடியிலோ இலைகளினூடே வெயில் புள்ளி புள்ளியாய் விழுந்து நகர்ந்துகொண்டேயிருக்கும், இது புள்ளிநிழல். கிழக்கு நோக்கிய சுவரிற் காலைவெயில் சில நாழிகை பட்டு, நண்பகலுக்குப்பின் முழுநிழல் சூழும், இது அரைநிழல். இம்மூன்றும் பயிருக்கு உதவுவன. நாற்புறமும் அடைபட்டு மேலும் தகரக்கூரை வேய்ந்த மூலை இருளேயன்றி நிழலன்று. அங்கே எக்கொடியையும் வைத்து வருந்தவேண்டா. இவற்றை வேறுபடுத்தி அறிதற்கு எளியதொரு வழி உண்டு. நண்பகலில் அச்சுவரோரம் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒருமுழம் மேலே கையை நீட்டிப் பார்க்க. விரல்களின் உருவம் மங்கலாகவேனும் தாளில் தெரியுமாயின் இலைக்கொடிகள் ஆங்கு வாழும். நிழலே விழவில்லையாயின் அவ்விடத்தை வாளிக்கும் தகரத்திற்குமே விட்டுவிடலாம்.

இவ்விடத்தே மற்றொன்றும் கருதற்பாலது. மேலைநாட்டுத் தோட்ட நூல்களைப் படிப்போர், வடக்கு நோக்கிய சுவர் எஞ்ஞான்றும் நிழற்சுவரே என்று அவற்றிற் காண்பர். அஃது இங்கிலாந்திற்கு மெய், நமக்கு மெய்யன்று. அந்நாடு நிலநடுக்கோட்டினின்றும் ஏறத்தாழ 50 பாகைக்கு வடக்கே கிடத்தலின், நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுதும் தென்வானிலேயே நிற்கும். சேலமும் நாமக்கல்லுமோ 11 பாகைக்கும் 12 பாகைக்கும் இடையில் உள்ளன. ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே வந்து, பின் வடக்கே சாய்ந்து, ஆகஸ்டு மாதப் பிற்பகுதியிலேதான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே செல்லும். ஆகவே நம் வீட்டு வடசுவர் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நிழலிலிருந்து, கத்திரி வெயில் காயும் நாட்களிலே வெயிலுக்கு முகங்கொடுக்கின்றது. தென்சுவருக்கோ அந்நாட்களின் நண்பகலில் நிழல் கிடைக்கின்றது. பிறநாட்டு நூலை நம்பி வடசுவரில் மெல்லிலைக் கொடியை வைத்தவன், மே மாதத்தில் அது கருகக் கண்டு திகைப்பான். தன் சுவரைத் தானே ஓராண்டு உற்றுநோக்கியவனோ கோடையில் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்து அதனைக் காத்துக்கொள்வான். நூலறிவினும் தன் வீட்டுச் சுவரறிவு இங்கே பெரிது.

இனி, நிழலிற் காய் காய்க்காமைக்குக் காரணம் யாது? இலை ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றது. அவ்வுணவிலே தன் உயிர்வாழ்க்கைக்கு வேண்டுவது போக எஞ்சியதைக் கொண்டே செடி பூவும் காயும் விதையும் ஆக்கும். ஒளி குறைந்தவிடத்து எஞ்சுவது சிறிது. எனவே காயும் அரிது. ஆனால் அதே செடி, கிடைக்கும் சிற்றொளியை முற்றும் ஏற்றுக்கொள்ளும்பொருட்டு இலையை அகலமாகவும் மெல்லிதாகவும் விரிக்கும். காய்க்கு இழப்பாவது கீரைக்கு ஊதியமாகின்றது. இவ்வொரு நியதியை உள்ளத்திற் கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகிய காய்க்கொடிகளெல்லாம் வெயிலுக்கு உரியன. அவற்றை மொட்டைமாடிக்கு அனுப்புக. நிழற்சுவருக்கு உரியன இலைக்கொடிகள். காயை வேண்டிச் சுவரடியிற் போகாதே. இலையை வேண்டிப் போ என்பதே சுருங்கிய விதி.

இலைக்கொடியை வீட்டோடு வைத்து வளர்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சங்கச் செய்யுட்களைப் பயில்வோர் வயலைக்கொடியை அறிவர். அதனைப் பசலைக்கொடியென உரையாசிரியர் விளக்குவர். நற்றிணையில் ஒரு பாட்டு: வீட்டிற் படர்ந்த வயலையைக் கன்றீன்ற பசுவொன்று தின்றுவிட, அதனைக் கண்ட சிறுமி கையிலிருந்த பந்தையும் பாவையையும் எறிந்துவிட்டு வயிற்றிலடித்துக்கொண்டு அழுகின்றாளாம். பின்னர் அவள் வளர்ந்து தான் விரும்பியவனோடு சென்றுவிட, தாய் அந்நாளை நினைந்து வருந்துகின்றாள். ஒரு கொடியினிடத்து ஒரு பெண்குழந்தைக்கு எத்துணை அன்பிருந்திருந்தால் புலவர் அதனை எடுத்துப் பாடியிருப்பார்! அரசனது சோலையிலன்றி எளிய மனையொன்றிலே, தாயும் மகளும் நாடோறும் காணுமிடத்திலே, அக்கொடி இருந்தது. அதன் வழித்தோன்றலாகிய கொடிப்பசலையை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெயரளவிலும் அறியார். இஃது இரங்கத்தக்கதன்றோ?

நிற்க. நிழலிலே கொடி வளர்க்கும் கலையைக் கற்க நாம் வேற்றூர் செல்லவேண்டுவதில்லை. 1997-ஆம் ஆண்டுவரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்து, பின் தனி மாவட்டமான நாமக்கல்லிலே, காவிரிக் கரையோரமாகப் பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம், மோகனூர் முதலிய ஊர்களில் உள்ள வெற்றிலைக் கொடிக்கால்களே நம் பள்ளிக்கூடம். ஜேடர்பாளையத்து அணையினின்று பிரியும் ராஜவாய்க்கால் முதலிய வாய்க்கால்களின் நீர் பாயும் அவ்விடங்களில், கோடைப்பகலில் ஒருவன் சாலையை விட்டுக் கொடிக்காலுக்குள் நுழைவானாயின், வேறொரு நாட்டிற்குள் புகுந்தாற்போல உணர்வான். வெளியே அனல், உள்ளே குளிர்ச்சி. இது தானாக வாய்த்ததன்று, உழவர் ஆக்கியது. அவர் முதலில் வரிசை வரிசையாக அகத்தியை விதைத்து, அது உயர்ந்தபின்னரே அதன் அடியில் வெற்றிலையை நடுகின்றனர். அகத்தியே கொழுகொம்பு, அகத்தியே குடை. கொடி ஏறஏற வாழைநார் முதலியவற்றால் அதனை மரத்தோடு அணைத்துக் கட்டுவர். மிக உயர்ந்தபின் கீழிறக்கிச் சுருட்டி மண்ணில் புதைத்து மீண்டும் தளிர்க்கச் செய்வர். இதனைக் கொடி இறக்குதல் என்பர். அகத்தியின் மிகைக்கிளைகளைக் கழித்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடுவர், அடுக்களைக்கும் கொள்வர்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் என்னை? நிழலைப் பகையென்று கருதுபவன் மரத்தை வெட்டுகின்றான். நிழலைக் கருவியென்று கருதுபவனோ அதற்காகவே மரம் வளர்க்கின்றான். கொடிக்கால் உழவர் பொருட்செலவு செய்து ஆக்கும் நிழலை, நகரத்துச் சுவர் நமக்கு விலையின்றித் தருகின்றது. அதனை நாம் குறையென்று கூறித் திரிகின்றோம்!

ஆகவே நிழற்சுவருக்கு நான் முதற்கண் பரிந்துரைப்பது வெற்றிலையேயாம். கணுதோறும் பற்றுவேர் விட்டுத் தானே சுவரைப் பற்றி ஏறவல்லது இது. நன்கு முதிர்ந்த கொடியின் மேற்பகுதியில் மூன்று முதல் ஐந்து கணுவுள்ள துண்டு ஒன்றைக் கொணர்ந்து, கோடை தணிந்த பருவத்தில், இரண்டு கணு மண்ணுள் மறையுமாறு நடுக. மண் மட்கிய சாணமும் இலைமட்கும் கலந்து பொலபொலவென்றிருத்தல் வேண்டும். சுவரடி மண்ணிலே கட்டடக் காலத்துச் சுண்ணமும் சிமெண்டும் செங்கற்பொடியும் மண்டிக் கிடக்குமாதலின், சுவரினின்றும் ஒருமுழம் தள்ளி, ஒருமுழ ஆழம் தோண்டிப் பழமண்ணை நீக்கிப் புதுமண் இடுதல் நன்று. ஈரம் இடையறாதிருக்க வேண்டும். ஆயின் நீர் தேங்குதல் ஆகாது. தேங்கின் வேரழுகிக் கொடி ஒரேயடியாய் வாடிவிடும். கொடிக்கால் உழவர் பெரிதும் அஞ்சும் நோயும் இதுவே. கொடி நான்கடி, ஆறடி உயர்ந்தபின் கீழிலைகளிலிருந்து காம்போடு கிள்ளிக்கொள்ளலாம். அரிசி களைந்த நீரையே அதற்கு வார்த்து வளர்க்கும் வீடுகளும் உண்டு.

வெற்றிலை என்றவுடனே முகஞ்சுளிப்போர் சிலர் உளர். எங்கள் திருச்சபையிலும் மூத்தோர் சிலர், தாம்பூலம் தரிப்பது தீயபழக்கமாதலின் அக்கொடி கிறிஸ்தவ வீட்டு வாயிலில் நிற்றலாகாதென்பர். அவர்தம் அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். அதில் உண்மை உளது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல், புகையிலை சேர்ந்த தாம்பூலம் மட்டுமன்றிப் புகையிலை சேராத தாம்பூலமும், பாக்குங்கூட, மக்கட்குப் புற்றுநோய் விளைப்பன என்று வகுத்தது. ஆயின் அங்கே குற்றவாளிகளாக நின்றவை பாக்கும் புகையிலையுமே. அவற்றோடு சேர்ந்த குற்றத்திற்காக இலையைத் தள்ளிவிடவேண்டுவதில்லை. வெற்றிலையைக் கிள்ளி மிளகோடு இரசம் வைக்கலாம். மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். வேறு கீரையோடு துவையல் அரைக்கலாம். தாம்பூலப் பெட்டியிலிருந்து அதனை மீட்டு அடுக்களைக்குக் கொண்டுவருதல் அக்கொடிக்குச் செய்யும் நன்மையாகவே முடியும். 2023-ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலையும், தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலையும் புவிசார் குறியீடு பெற்றன. அயலூரார் தம் இலையைப் பெருமையோடு போற்றுங்கால், காவிரிக்கரைக் கொடிக்கால்களின் நிழலில் வாழும் நாம் நம் இலையைச் சுவரிலும் ஏற்றாதிருத்தல் முறையோ?

இரண்டாவதாகக் கூறத்தக்கது மேலே சொன்ன கொடிப்பசலை. பச்சைத்தண்டும் செந்தண்டுமாக இருவகை உண்டு. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றலாம். அன்றித் தண்டை ஒடித்து வைத்தாலும் வேர்விடும். அரைநிழலிலும் ஒளிநிழலிலும் அதன் இலை அகன்று சதைப்பற்றோடு விளங்கும். பற்றுவேர் இன்மையின் தானே சுவரேறாது. கயிற்றைச் சுற்றிக்கொண்டே ஏறும். சிறுபருப்போடு கூட்டாகவும் குழம்பாகவும் இதனைச் சமைப்பர். நட்ட இரண்டு மாதத்திற்குள்ளாகவே பயன்றருதலின், பொறுமையில்லாதார்க்கும் சிறுவர்க்கும் ஏற்ற கொடி இதுவே. ஒரு குடும்பத்தின் கீரைத்தேவை முழுதையும் ஒரு சுவர் நிறைவேற்றும் என்று நான் மிகைபடக் கூறேன். ஆயினும் வாரத்தில் இரண்டொருநாள், காசின்றி, கையெட்டும் தொலைவில், மருந்து தெளியாத கீரை கிடைத்தல் சிறிய பேறன்று. சிறுநீரகக் கல் உடையார் மட்டும் இதனை அளவறிந்து உண்ணல் வேண்டும். கல்லுக்கு ஏதுவாகும் ஆக்சாலிக் அமிலம் இதன்கண் மிகுதி.

மூன்றாவது பிரண்டை. வேம்பின் அடியில் நிழல் மட்டுமன்று, வறட்சியும் உண்டு. மரத்தின் வேர் மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அங்கே வெற்றிலை வாழாது; பசலையும் மெலியும். அவ்விடத்திற்குப் பிரண்டையே உரியது. நாற்பட்டையாய்ச் சதைப்பற்றுள்ள அதன் தண்டு, தானே நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, பல நாள் நீரின்றியும் வாடாது நிற்கும். ஒரு கணுவை ஒடித்து மண்ணிற் செருகி மறந்துவிட்டாலும் அது நம்மை மறவாது. இளந்தண்டைக் கணுநீக்கி நாருரித்து, நல்லெண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்துத் துவையலாக்குவர். பச்சையாகக் கையாளின் தோல் அரிக்கும். ஆதலின் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே நறுக்குதல் பழக்கம். நீர்வளமற்ற நம் சமவெளிச் சிற்றூர்களிலே வேலிதோறும் இது படர்ந்திருத்தலை யாவரும் கண்டிருப்பர். நகரத்துள் வந்தபின் அங்காடியில் அதனையே விலைகொடுத்து வாங்குகின்றோம்!

காலைவெயில் சிறிது படும் கிழக்குச் சுவராயின் தூதுவளையையும் முடக்கத்தானையும் சேர்த்துக்கொள்ளலாம். தூதுவளை முள்ளுடையது, அம்முள்ளையே கொளுவியாகக் கொண்டு மேலேறும். சளி இருமலுக்கு அதன் இலையை இரசத்திலும் துவையலிலும் சேர்ப்பதைப் பாட்டிமார் பலர் இன்னும் மறந்திலர். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தினின்று சற்றே ஒதுக்கி அதனை வைக்க. முடக்கத்தான் மெல்லிய பற்றுக்கம்பிகளால் ஏறும். அதன் கரிய விதையில் நெஞ்சின் வடிவாய் வெண்குறி ஒன்று உண்டு. இலையை மாவோடு அரைத்துத் தோசை வார்ப்பர். கோவையும் இங்கே வளரும். ஆனால் அரைநிழலிற் காய் குறையும். அதனிற் பெண்கொடியே காய்ப்பதாதலின், காய்த்த கொடியின் தண்டையே கொணர்ந்து நடுதல் வேண்டும்.

மிளகைப் பற்றிப் பலர் கேட்பர். வெற்றிலையும் மிளகும் திப்பிலியும் ஒரே குடும்பத்தின. நிழலை விரும்புதலும் ஒன்றே. சங்கநூல்கள் கறியென்று வழங்கும் இம்மிளகு, வல்வில் ஓரியின் கொல்லிமலையிலே இன்றும் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறி வளம்பெற விளைகின்றது. ஆயின் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறும் அம்மலைமேல் வீசும் ஈரக்காற்று வேறு. கீழே நாமக்கல் வீதியில் வீசும் வறண்ட காற்று வேறு. சமவெளியில் மிளகுக்கொடி தழைத்தாலும் மணி பிடித்தல் அரிது. பிடிப்பினும் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஆசைக்கு ஒன்று வைக்கலாமேயன்றி, அடுக்களைச் செலவை அதன்மேல் ஏற்றலாகாது. அதனினும் திப்பிலி சற்றே எளிது. அதன் வேரும் தண்டும் உலர்த்திய கண்டந்திப்பிலி இரசத்திற்கு உதவும். மலைக்குரியது மலைக்கு, சமவெளிக்குரியது சமவெளிக்கு. நிழலைப்போலவே காற்றையும் அறிந்து தேர்வதே தேர்வு.

இனி, தவிர்க்க வேண்டுவனவற்றையும் கூறாது விடுதல் முறையன்று. நகரத்து நிழற்சுவர்களில் இன்று மிகுதியாகக் காண்பது மணிபிளாண்ட் என்னும் கொடி. அது செல்வந்தரும் என்பது வெறும் நம்பிக்கை. அதன் இலை வாயையும் தொண்டையையும் அரித்துப் புண்படுத்தும் என்பதோ மெய். அதன் இளவிலை வெற்றிலையை ஒத்திருத்தலின், இரண்டையும் ஒரே சுவரில் ஏற்றுதல் குழந்தைகளுள்ள வீட்டிற்கு ஆகாது. குன்றிக்கொடியின் மணி கண்ணுக்கு அழகு. உள்ளே கொடிய நஞ்சு. புலவர் பாடிய செங்காந்தள் நம் மாநிலத்து மலராயினும் அதன் கிழங்கும் விதையும் உயிரைப் போக்கவல்லன. சீந்தில் மருந்தாகலாம்; உணவாகாது; மருத்துவரைக் கேளாமல் அதனை உண்ணுதல் தகாது. பெயரும் குணமும் தெளிவாக அறியாத எக்கொடியையும் வாயிலிடுதல் கூடாது. கொடியின் தண்டை, அதனை உண்டு வளர்ந்த வீட்டாரிடமிருந்தே பெறுதல் பாதுகாப்பான வழி.

கொழுகொம்பைக் குறித்து ஒருசொல். முல்லைக்குத் தேரீந்தான் பாரி; நம் கொடிகள் நம்மிடம் வேண்டுவது நான்கு முழக் கயிறே. பற்றுவேருடைய வெற்றிலையைச் சுவரில் நேரே ஏறவிடின், நாளடைவிற் காரைப்பூச்சின் வெடிப்புகளில் வேர் புகுந்து ஈரம் தங்கும். ஆதலின் சுவரினின்று ஒருசாண் தள்ளி மூங்கிற்பட்டையாலோ தென்னங்கயிற்றாலோ ஒரு தட்டி கட்டி, அதன்மேல் ஏற்றுதல் சிறந்தது. சுவருக்கும் கொடிக்கும் இடையே காற்று உலவும், சுவரும் கெடாது, கொடியும் நோயுறாது. கொசு வருமே, பாம்பு வருமே என்று அஞ்சுவோர்க்கும் இதுவே விடையாகும். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரிலேயன்றி இலையிலன்று. அடியில் தட்டுவைத்து நீரைத் தேக்காதொழிக. தரையினின்று ஓரடி உயரம்வரை இலைகளைக் கிள்ளித் துப்புரவாக வைத்துக்கொண்டால் பாம்பு ஒளிதற்கும் இடமில்லை. உடைந்த வாளியும் தகரமும் குவிந்த மூலையிலன்றோ இவ்விரண்டும் குடியிருக்கின்றன?

'கடையிற் பத்து உரூபாய்க்குக் கிடைக்கும் கீரைக்கு இத்துணைப் பாடு எதற்கு?' என்று வினவும் நண்பரும் உளர். கீரையின் விலையை மட்டும் கணக்கிடின் அவர் கூற்றே வெல்லலாம். ஆயின் கணக்கில் வரவேண்டுவன வேறும் உள. அவரைக்கு வெயில் வேண்டுமென்று வெட்டப்பட்ட வேம்பின் விலையை அவர் எப்பக்கத்தில் எழுதுவார்? குன்றுகள் சூழ்ந்த கிண்ணம்போற் கிடக்கும் சேலம் நகரத்திலே, கோடையில் வெயில் நாற்பது பாகையைத் தொடும் நாட்களில், ஒரு மரம் தரும் குளிர்ச்சியை எக்கடை விற்கின்றது? அம்மரம் வளர இருபதாண்டு சென்றது. வீழ்த்த அரைநாள் போதும். அதன்பின் நட்ட அவரையோ ஒரு பருவம் காய்த்து உலர்ந்துபோகும். அன்றியும், எந்த இலை எதற்காகும், எதனை எப்படி நறுக்கல் வேண்டும், எதனை எவ்வளவு வதக்கல் வேண்டும் என்னும் அறிவு நம் தாய்மார் கையிலே உள்ளது, ஏட்டிலே இல்லை. கொடி வீட்டில் இருக்குமளவுமே அவ்வறிவும் வீட்டில் இருக்கும். பிரண்டையைக் கண்டறியாத மகள், பிரண்டைத் துவையலைத் தன் மகளுக்கு எங்ஙனம் கற்பிப்பாள்? வயலையைப் பசு தின்றதற்கு அழுத சிறுமியின் மரபிலே, வயலை யாதென்று அகராதியைப் புரட்டும் மாணவராய் நாம் வந்து நிற்கின்றோம். தமிழைச் சிறப்புப்பாடமாகக் கற்கும் எனக்கு இதனினும் பெரிய வெட்கம் வேறு தோன்றவில்லை. சொல்லைக் காத்துப் பொருளை இழத்தல் எவ்வாறு தமிழைக் காத்தலாகும்?

ஆதலின் மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் உங்கள் பின்கட்டுச் சுவரை ஒருமுறை சென்று பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளை விரித்துக் கையை நீட்டிப் பாருங்கள். ஈரமும் ஒளிநிழலும் உளவாயின் வெற்றிலையும் பசலையும் வையுங்கள். வறண்ட மரத்தடியாயின் பிரண்டையை வையுங்கள். காலைவெயில் வருமாயின் தூதுவளையையும் முடக்கத்தானையும் வையுங்கள். எதனை வைக்கலாமென்று அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டுவிட்டே வையுங்கள். வேம்பின்மேற் கோடரி வைக்க யாரேனும் முற்படின், அதன் நிழலிலே விளைந்த ஒரு பிடி இலையை அவர் கையிற் கொடுங்கள். நூறு சொற்கள் செய்யாததை அவ்வொரு பிடி இலை செய்யும்.